ஒதுக்கிய மூலையில் இருக்க மறுத்தவர்கள்: தாரா ஆர்ட்ஸ் வளர்ந்த விதம்

நீங்கள் கேட்டது இதுதான்: பிரிட்டனில் ஆசியர்கள் தொடங்கிய கலைக் குழுக்களில் பெரும்பாலானவை பள்ளிக்கூட ஹாலிலும் கோயில் மண்டபத்திலும் வாரயிறுதி வகுப்பு நடத்திக்கொண்டே காலத்தை ஓட்டுகின்றன. ஒரு சில மட்டும் சொந்த அரங்கு, சம்பள ஊழியர்கள், அரசு மானியம் என்று வளர்ந்துவிடுகின்றன. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? உங்கள் குழுவும் அரங்கேற்றத்தைத் தாண்டி நகர முடியாமல் நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள்.

பொதுவாகப் பேசினால் இதில் ஒன்றும் பிடிபடாது. ஒரே ஓர் அமைப்பை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து பார்ப்போம். நான் எடுத்துக்கொள்வது லண்டனின் தாரா ஆர்ட்ஸ். அது நாடகக் குழு, உங்களுடையது நடனமும் பாட்டும். ஆனாலும் அந்தக் குழு கடந்துவந்த இடங்களையெல்லாம் நீங்களும் கடக்க வேண்டியிருக்கும்.

1976 ஜூன் 4. மேற்கு லண்டனில் பஞ்சாபிகள் நிறைந்த சவுத்தாலில், டொமினியன் சினிமாவுக்கு வெளியே குர்தீப் சிங் சக்கர் என்ற 18 வயது இளைஞரை வெள்ளை இளைஞர்கள் சிலர் கத்தியால் குத்திக் கொன்றார்கள். சவுத்தால் பையன்கள் தெருவில் இறங்கினார்கள், சவுத்தால் இளைஞர் இயக்கம் பிறந்தது. தெற்கு லண்டனில் ஜதிந்தர் வர்மாவும் அவருடைய நண்பர்கள் சிலரும் அதே கொதிப்பில் இருந்தார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த வழி நாடகம்.

வர்மா தார் எஸ் சலாமில் பிறந்து நைரோபியில் வளர்ந்தவர். 1968 பிப்ரவரியில் பிரிட்டன் வந்து இறங்கினார். அந்தத் தேதிக்கு ஓர் அர்த்தம் உண்டு. கென்யாவில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருந்த ஆசியர்கள் உள்ளே வர முடியாதபடி மார்ச் மாதமே சட்டம் வந்துவிட்டது. கதவு சாத்துவதற்குள் ஓடிவந்த கூட்டத்தில் அவரும் ஒருவர். அடுத்த மாதம் ஏப்ரலில் ஈனோக் பவல் என்ற அரசியல்வாதி குடியேறிகளுக்கு எதிராகப் பேசிய பேச்சு நாட்டையே உலுக்கியது. 14 வயதுப் பையனுக்குக் கிடைத்த வரவேற்பு அப்படி இருந்தது.

1977-இல் பேட்டர்ஸி கலை மையத்தில் தாரா தன் முதல் நாடகத்தைப் போட்டது. சவுத்தால் கொலையைப் பற்றிய நாடகம் அல்ல அது. தாகூர் 1890-இல் வங்காளத்தில் எழுதிய 'விசர்ஜன்', ஆங்கிலத்தில் 'சாக்ரிஃபைஸ்'. திரிபுராவின் காளி கோயிலில் பலி கொடுப்பதற்காக ஓர் ஏழைப் பெண்ணின் ஆட்டுக்குட்டியைப் பிடித்துப் போய்விடுகிறார்கள். தன் குட்டியின் ரத்தம் கோயில் படியில் கிடப்பதைப் பார்த்து அவள் அரசனிடம் முறையிடுகிறாள். அரசன் இனிமேல் உயிர்ப்பலியே கூடாது என்று தடை போடுகிறான். தலைமைப் பூசாரிக்கு ஆத்திரம். அரசனைக் கொல்லச் சதி செய்கிறார். கடைசியில் அவர் பிள்ளையாக வளர்த்த ஜெய்சிங் தன் உயிரையே காணிக்கையாகக் கொடுத்துவிட, அந்தப் பூசாரியே தெய்வச் சிலையைத் தூக்கி எறிகிறார்.

தெருவில் ஓர் இளைஞனின் ரத்தம் காய்ந்து அதிக காலம் ஆகிவிடாத நேரத்தில், 'இந்த ரத்தம் எதற்காக?' என்று கேட்கும் நாடகத்தை அவர்கள் மேடையேற்றினார்கள். கோபம் அன்றைய செய்தித்தாளிலிருந்து வந்தது. அதைச் சொல்வதற்கான வடிவத்தை அவர்கள் தங்கள் சொத்திலிருந்து எடுத்தார்கள். தாராவின் பிற்கால வளர்ச்சி முழுவதுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். அன்றைக்கு துண்டுப்பிரசுரம் மாதிரி ஒரு நாடகம் போட்டிருந்தால் நல்ல கைத்தட்டல் கிடைத்திருக்கும், இரண்டு வருடத்தில் குழு கலைந்தும் போயிருக்கும்.

அதற்கு அப்புறம் சில ஆண்டுகள் அவர்கள் செய்தது முழுக்க சமூக நாடகம். கென்யா ஆசியர்கள் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று ஒரு நாடகம், ஜாலியன் வாலாபாக் பற்றி ஒன்று, லண்டனில் வளரும் பிள்ளைகளின் பிரச்சினைகளைப் பற்றிச் சில. சமூகக் கூடங்களிலும் பள்ளிகளிலும் போட்டார்கள். 1980-களின் தொடக்கத்தில்தான் அது முழுநேரத் தொழில்முறைக் குழுவாக மாறியது.

இங்கே பணத்தின் கதையைச் சொல்ல வேண்டும். 1976-இல், அதே வருடம்தான், நசீம் கான் என்ற எழுத்தாளர் ஓர் அறிக்கை வெளியிட்டார். கலைகளுக்கு அரசுப் பணத்தைப் பிரித்துத் தரும் ஆர்ட்ஸ் கவுன்சிலும் வேறு இரண்டு நிறுவனங்களும் கேட்டுக்கொண்டதன்பேரில் எழுதியது. நாடு முழுக்க குடியேறிய சமூகங்கள் என்னென்ன கலை நடத்துகின்றன என்று தேடிப்போய்ப் பார்த்தார். வாடகை ஹால்களில், கோயில்களில், யாருடைய கண்ணிலும் படாமல் ஏராளமான கலை நடந்துகொண்டிருந்தது. அரசுப் பணம் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிரிட்டன் கண்டுகொள்ளாத கலைகள் என்பதுதான் அறிக்கையின் தலைப்பே. இவையும் இந்த நாட்டின் கலைதான், விருந்தாளி கலை இல்லை என்று அது வாதாடியது. இன்றைக்கு மானியம் வாங்கும் எந்த ஆசிய அமைப்பும் அந்த அம்மாவுக்குக் கடன்பட்டிருக்கிறது என்றே சொல்வேன்.

1980-களில் கென் லிவிங்ஸ்டன் தலைமையில் இருந்த லண்டன் பெருநகர மன்றம் சிறுபான்மைக் கலைகளுக்கென்றே பணம் ஒதுக்கியது. நிறையக் குழுக்கள் அந்தப் பணத்தில் முளைத்தன. 1986 மார்ச் 31-ஆம் தேதியோடு தாட்சர் அரசு அந்த மன்றத்தையே கலைத்தது. அந்த ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் தவித்துப்போனார்கள். ஆர்ட்ஸ் கவுன்சிலும் அதே சமயத்தில் தன் செலவில் 4 சதவீதத்தைச் சிறுபான்மைக் கலைகளுக்கு ஒதுக்கப்போவதாக ஒரு கொள்கையை அறிவித்தது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்தச் சின்னக் கிண்ணத்துக்குள் ஆசியர், கறுப்பர், சீனர் எல்லோரும் ஒருவரோடு ஒருவர் அடித்துக்கொள்ள வேண்டும். மீதி 96 சதவீதத்தைப் பற்றி யாரும் வாய் திறக்க முடியாது.

தாராவின் திருப்பம் இந்தக் காலத்தில்தான் வருகிறது. 'ஆசியர்களின் பிரச்சினையைப் பேசும் குழு' என்ற இடம் அவர்களுக்குக் காலியாகவே இருந்தது. அதில் உட்கார்ந்துகொண்டால் மானியமும் வந்திருக்கும். அவர்கள் அங்கே உட்கார மறுத்தார்கள். சூத்ரகரின் பழைய சமஸ்கிருத நாடகமான 'மிருச்சகடிக'த்தை எடுத்தார்கள். நாட்டிய சாஸ்திரத்தைப் படித்தார்கள். டெல்லி தேசிய நாடகப் பள்ளியின் அனுராதா கபூரை வரவழைத்து அவரோடு வேலை செய்தார்கள். பாட்டு, அடவு, கை அசைவு, நேராகப் பார்வையாளரைப் பார்த்துப் பேசுவது என்று நம்மூர் கூத்து மேடைக்குப் பழக்கமான எல்லாம் ஆங்கில நாடகத்துக்குள் வந்தன. அப்புறம் ஐரோப்பிய நாடகாசிரியர்களான கோகோலையும் ப்யூக்னரையும் மோலியேரையும் அந்த வடிவத்தில் போட ஆரம்பித்தார்கள்.

1990-இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் வர்மா 'டார்டூஃப்' இயக்கினார். அந்த அரங்கில் ஆசியர் ஒருவர் நாடகம் இயக்கியது அதுவே முதல் முறை. அவர் செய்த காரியத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். மோலியேரின் அந்த நாடகம் 1664-இல் பிரெஞ்சு அரசவையில் முதலில் அரங்கேறியது. போலிச் சாமியார் ஒருவன் பக்தி வேஷம் போட்டு ஒரு குடும்பத்தையே ஏமாற்றும் கதை. அதே வருடம் இந்தியாவில் யார் ஆட்சி? ஔரங்கசீப். அவருடைய நாட்டில் அப்போது பெர்னியர் என்ற பிரெஞ்சு மருத்துவர் சுற்றிக்கொண்டிருந்தார். சரி, அந்த பெர்னியர் மூலமாக நாடகம் முகலாய தர்பாருக்கு வந்து சேர்ந்தால்? வர்மா அந்த நூலைப் பிடித்துக்கொண்டு டார்டூஃபை ஒரு பக்கீராக்கினார். நடித்தவர்கள் ஆசியர்கள். மதத்தின் பெயரால் நடக்கும் ஏமாற்று என்ற விஷயம் பாரிஸுக்கும் டெல்லிக்கும் 1990-இன் பிரிட்டனுக்கும் ஒரே நேரத்தில் பொருந்திப்போனது. சல்மான் ருஷ்டியின் நாவல் மதத்தை அவமதிக்கிறது என்ற விவகாரம் ஓடிக்கொண்டிருந்த காலம் அது என்பதையும் மறக்க வேண்டாம்.

சமூகத்தைக் கைவிட்டுவிட்டார்கள், பெரிய மேடைக்குப் போனதும் மாறிவிட்டார்கள் என்று தாராவின் மேல் அப்போது ஒரு வருத்தம் இருந்தது. அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது, ஆனால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏனென்றால் நேஷனல் தியேட்டரில் கால் வைத்த அதே மனிதர்தான் 2002-இல் 'ஜர்னி டு தி வெஸ்ட்' என்ற முத்தொகுப்பைக் கொண்டுவந்தார். மொம்பாசாவிலிருந்து உள்நாட்டுக்கு ரயில் பாதை போட இந்தியாவிலிருந்து சுமார் 32,000 கூலிகளைக் கொண்டுபோனார்கள். ஏறத்தாழ 2,500 பேர் அங்கேயே இறந்தார்கள். அங்கே தொடங்கி, 1968-இல் கென்யாவை விட்டு ஓடிவந்தது, அதற்குப் பின் பேரப்பிள்ளைகளின் காலம் என்று மூன்று பாகம். பெரியவர்களை உட்காரவைத்துப் பேட்டி எடுத்து, அந்த நினைவுகளிலிருந்து எழுதிய நாடகம். சமூக நாடகம் என்றால் இதைவிட என்ன வேண்டும்? 1970-களில் சின்ன ஹாலில் சொல்லத் தொடங்கிய கென்யா கதையைத்தான் இருபத்தைந்து வருடம் கழித்து முழு வலிமையோடு சொன்னார்கள். இடையில் கற்ற தொழில் அதற்குத் தேவைப்பட்டது.

உங்கள் குழுவை நான் யோசிப்பது இந்த இடத்தில்தான். அரங்கேற்றம் என்பது குடும்பத்தின் விழா. மாமா, சித்தி, பெற்றோரின் அலுவலக நண்பர்கள் வருவார்கள், ஹால் நிரம்பும். அடுத்த வாரம் அந்தப் பெண் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடுவாள். ஊருக்கும் அந்தக் கலைக்கும் எந்தத் தொடர்பும் ஏற்படாமலே விஷயம் முடிந்துவிடுகிறது. வகுப்பு எத்தனை வருடம் நடந்தாலும் படைப்பு என்று ஒன்று வராவிட்டால் வெளி ஆட்கள் உங்களைத் தேடி வர ஒரு காரணமும் இல்லை.

நடனத் துறையில் இதைச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். கதகளி, மோகினியாட்டக் கலைஞர் தாரா ராஜ்குமார் 1979-இல் லண்டனில் தொடங்கிய இந்திய நடனக் கழகம், பிற்பாடு 'அகாடமி' என்றே பெயர் பெற்றது. கற்பிப்பதையும் மேடைப் படைப்பையும் அது இரண்டு தண்டவாளமாக வைத்துக்கொண்டது. 2000-ஆம் ஆண்டில் தேம்ஸ் கரையில் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலின் வெளிப்புறத்தையே மேடையாக்கி, பாலத்திலும் மாடியிலும் நடனக் கலைஞர்களை நிறுத்தி ஒரு பெரிய நிகழ்ச்சி நடத்தினார்கள். டிக்கெட் வாங்கி உள்ளே வராத ஆயிரம் பேர் அந்த வழியாக நடந்துபோகிறார்கள் அல்லவா, நிகழ்ச்சி அவர்களைத் தேடி வெளியே வந்துவிட்டது. இன்னொரு பக்கம், பிரிட்டனின் நடன ஆசிரியர் சங்கம் பாலேக்கு வைப்பது போலவே பரதநாட்டியத்துக்கும் கதக்குக்கும் தேர்வு வைக்கும் நிலை வந்ததிலும் அகாடமிக்குப் பங்கு உண்டு. சென்னையில் பிறந்த ஷோபனா ஜெயசிங் 1988-இல் தன் குழுவைத் தொடங்கி, பரதத்தின் உடல்மொழியை வைத்து முற்றிலும் இன்றைய நகரத்தைப் பேசும் படைப்புகளைச் செய்தார். இவர்களுக்கும் உங்களைப் போல வாடகை ஹாலில் ஒத்திகை பார்த்த காலம் இருந்தது.

இப்போது கட்டடம். தாரா வளர்ந்ததற்குப் படைப்பு முக்கியம் என்றேன். ஆனால் பிழைத்துக் கிடந்ததற்குக் காரணம் கட்டடம்தான். வாண்ட்ஸ்வொர்த் பகுதியில் ஏர்ல்ஸ்ஃபீல்ட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், காரட் லேனில் ஒரு பழைய விக்டோரியா காலத்துக் கட்டடத்தை 1980-களிலேயே தனக்கென்று பிடித்துக்கொண்டது. வாட்டர்லூவிலிருந்து வரும் ரயில்கள் முதுகைத் தொட்டுக்கொண்டு ஓடும் இடம். பெரிய பகட்டு இல்லை. ஆனால் ஒத்திகைக்கு யாரிடமும் சாவி கேட்க வேண்டாம், உடைகளையும் வாத்தியங்களையும் எடுத்துக்கொண்டு அலைய வேண்டாம். மானியம் வெட்டப்பட்ட வருடங்களிலும் கதவு திறந்திருந்தது. அதே கட்டடத்தை இடித்து விரித்து 2016-இல் சுமார் 100 பேர் உட்காரும் அரங்காக்கினார்கள். லண்டன் மேயர் சாதிக் கான் திறந்துவைத்தார். உள்ளே மேடைத் தளம் மண் தரை. இந்தியாவிலிருந்து கொண்டுவந்த பழைய மரக் கதவுகள் பொருத்தியிருக்கிறார்கள். லண்டன் நடுவே மண் தரையில் நின்று ஷேக்ஸ்பியர் வசனம் பேசுவது என்றால், அதைத் தீர்மானித்தவர்கள் நாற்பது வருடம் யோசித்திருக்கிறார்கள் என்று பொருள்.

வடக்கே பிராட்ஃபோர்டில் கலா சங்கம் என்ற அமைப்பின் கதையும் இதே போக்கு. 1993-இல் கீதா உபாத்யாயாவும் ஸ்ரீபதி உபாத்யாயாவும் தொடங்கியது. பின்னாளில் பிராட்ஃபோர்ட் கதீட்ரலுக்குப் பக்கத்தில், ஒரு காலத்தில் ஊரின் தலைமைத் தபால் நிலையமாக இருந்த கல் கட்டடத்துக்குக் குடிபோனது. அங்கே போன பிறகு அது ஒரு தம்பதியின் முயற்சி என்ற நிலையைத் தாண்டி நகரத்தின் கலை மையமாக ஆகிவிட்டது.

கட்டடம் என்றதும் பயப்பட வேண்டாம், நாளைக்கே வாங்கச் சொல்லவில்லை. ஊராட்சியிடம் பயன்படுத்தாமல் கிடக்கும் கூடங்கள் உண்டு, ஆள் குறைந்த தேவாலயங்கள் உண்டு. லண்டன் பாரதிய வித்யா பவன் இன்றைக்கு நிற்கும் வெஸ்ட் கென்சிங்டன் கட்டடமே ஒரு காலத்தில் தேவாலயம்தான். நீண்ட காலக் குத்தகை ஒன்று எழுத்தில் இருந்தாலே பெரிய மாற்றம். மானியம் தருபவர்களும் கட்டட வேலைக்கு லாட்டரி நிதியிலிருந்து தரும்போது முதலில் குத்தகைக் காலத்தைத்தான் பார்ப்பார்கள்.

அடுத்தது, நம்மவர்கள் பேசவே கூச்சப்படும் விஷயம்: தொடங்கியவருக்குப் பிறகு யார்? வர்மா 1977-இலிருந்து நாற்பது வருடத்துக்கும் மேல் தாராவை நடத்தினார். 2020-இல் அப்துல் ஷயேக் பொறுப்பேற்றார். வர்மாவின் பிள்ளையோ நெருங்கிய சீடரோ இல்லை. வேல்ஸில் வேறொரு குழு நடத்திக்கொண்டிருந்தவர், வங்காளதேசக் குடும்பத்துப் பின்னணி. வந்தவுடன் கொரோனா. அரங்குகள் மூடிக் கிடந்தன. அதிலிருந்து மீண்டு, இந்தியப் பிரிவினையின் 75-ஆம் ஆண்டில் பிரிட்டனில் வாழும் பெரியவர்களின் பிரிவினை நினைவுகளை வைத்து 'சைலன்ஸ்' என்ற நாடகத்தை டோன்மார் அரங்கோடு சேர்ந்து கொண்டுவந்தார். 2023-இல் எதிர்பாராமல் காலமானார். இளம் வயதுதான், இருந்திருந்தால் எவ்வளவோ செய்திருப்பார்.

இப்படி ஒரு அடி விழுந்தால் தனி மனிதரை நம்பி இருக்கும் அமைப்பு அத்தோடு முடிந்துவிடும். தாரா முடியவில்லை. ஏனென்றால் அது பதிவுபெற்ற அறக்கட்டளை. அறங்காவலர் குழு ஒன்று இருக்கிறது. அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. கலை இயக்குநர் அவர்கள் நியமித்த ஊழியர். அமைப்பின் சொத்து அமைப்பின் பெயரில். குரு வழி வந்த நமக்கு இது கொஞ்சம் கசக்கும். 'நான் கஷ்டப்பட்டு வளர்த்த பள்ளியில் வெளியாள் உட்கார்ந்து என்னைக் கேள்வி கேட்பதா?' என்று தோன்றும். தோன்றட்டும். ஆனால் ஒரு கணக்காளர், ஒரு வழக்கறிஞர், ஊரில் நாலு பேரைத் தெரிந்த ஒரு பள்ளித் தலைமையாசிரியர், நடனம் தெரியாத ஆனால் நடனம் பிடித்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் என்று அறங்காவலர்கள் அமைந்தால் குருவுக்கு நேரம் மிச்சம். அறக்கட்டளையாகப் பதிவு செய்துவிட்டால் வரி கட்டும் பெற்றோர் தரும் ஒவ்வொரு பவுண்டு நன்கொடைக்கும் அரசிடமிருந்து மேலும் 25 பென்ஸ் கிடைக்கும். வகுப்புக் கட்டணத்துக்கு இது பொருந்தாது, மனமுவந்து தரும் நன்கொடைக்கு மட்டும்தான்.

ஆர்ட்ஸ் கவுன்சில் மானியத்தில் இரண்டு வகை உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சிக்கு மட்டும் தருவது ஒன்று. பல ஆண்டுகளுக்குத் தொடர்ந்து அமைப்பையே நடத்தத் தருவது இன்னொன்று. முதல் வகையிலிருந்து ஆரம்பியுங்கள். சின்னத் தொகை கேளுங்கள், சொன்னதைச் செய்யுங்கள், கணக்கை நேரத்துக்கு ஒப்படையுங்கள். விண்ணப்பத்தில் 'எங்கள் பண்பாட்டைப் பாதுகாக்கிறோம்' என்று எழுதுவதை விட்டுவிடுங்கள். இந்தப் படைப்பு எதைப் பற்றியது, யார் பார்க்க வருவார்கள், ஏன் இந்த ஊரில், ஏன் இப்போது என்று எழுதுங்கள். மருத்துவமனையில் இரவு வேலை பார்க்கும் நம் பெண்களைப் பற்றி ஒரு வர்ணம் அமைக்க முடியாதா? 1983-க்குப் பிறகு ஊரை விட்டு வந்த ஈழத்து அம்மாக்கள் உங்கள் வகுப்பு வாசலிலேயே பிள்ளைகளுக்காகக் காத்திருக்கிறார்கள். அவர்களில் யாரிடமாவது அந்தப் பயணத்தைப் பற்றி இதுவரை உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்களா? தாரா கென்யாக் கதையை முழுதாகச் சொன்னதும் அப்படிப் பெரியவர்களை உட்காரவைத்துக் கேட்டுத்தான்.

பெயர் மாற்றத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், 'தமிழ்' என்ற சொல்லை எடுத்தால்தான் மானியம் கிடைக்கும் என்று யாரோ சொன்னதாக. இந்திய நடனக் கழகம் அகாடமி ஆனது. தாரா ஆர்ட்ஸ் இப்போது தாரா தியேட்டர். கலா சங்கம் 2025-இல் பிராட்ஃபோர்ட் ஆர்ட்ஸ் சென்டர் என்று பெயர் மாற்றிக்கொண்டது. இதில் கடைசி மாற்றம் எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. முப்பது வருடம் பிராட்ஃபோர்ட்காரர்கள் வாயில் புழங்கிய பெயர் அது. ஆனால் அந்த அமைப்பு ஊருக்கே பொதுவான மையமாக ஆன பிறகு, தன் காலில் நின்று எடுத்த முடிவு என்பதால் மதிக்கிறேன். மானியத்துக்காக ஆரம்பத்திலேயே பெயரை விட்டுக்கொடுப்பது வேறு விஷயம். அதைச் செய்யாதீர்கள். தாரா என்ற பெயரைச் சொல்ல லண்டன் கற்றுக்கொள்ளவில்லையா?

ஒன்றை விட்டுவிட்டேன். ஒரு அமைப்பு வளர்ந்ததா என்று பார்க்க அதன் ஆண்டு வரவு செலவைப் பார்ப்பார்கள். நான் அதிலிருந்து கிளம்பிப் போனவர்களையும் பார்ப்பேன். தாராவில் நடித்த சுதா புச்சர் 1989-இல் கிறிஸ்டின் லேண்டன் ஸ்மித்தோடு சேர்ந்து 'தமாஷா' குழுவைத் தொடங்கினார். அந்தக் குழுவின் வழியாகத்தான் 1996-இல் அயூப் கான் தினின் 'ஈஸ்ட் இஸ் ஈஸ்ட்' மேடைக்கு வந்தது, மூன்று வருடத்தில் சினிமாவும் ஆனது. ஆசியப் பெண் எழுத்தாளர்களுக்கென்றே 'காளி' நாடகக் குழு 1991-இல் வந்தது. ஒரு குழுவிலிருந்து மாணவர் பிரிந்து தனிக் குழு தொடங்கினால் நம்மிடையே அதைத் துரோகமாகப் பேசும் பழக்கம் இருக்கிறது. உங்கள் மூத்த மாணவி பக்கத்து ஊரில் வகுப்பு தொடங்கியதைப் பற்றி நீங்கள் எழுதிய தொனி எனக்குச் சங்கடமாக இருந்தது. அவளைக் கூப்பிட்டு அடுத்த தயாரிப்பில் சேர்ந்து வேலை செய்யுங்கள். இரண்டு ஊர்ப் பார்வையாளர்கள், இரண்டு ஊராட்சிகள், விண்ணப்பத்தில் இரண்டு அமைப்புகளின் பெயர். மானியம் தருபவர்கள் விரும்பிப் பார்ப்பதும் அதைத்தான்.

இன்றைக்கே செய்யக்கூடிய ஒரு வேலை: பத்து வருடத்து நோட்டீஸ், அழைப்பிதழ், போட்டோ, பாட்டு எழுதிய தாள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேருங்கள், தேதி எழுதுங்கள், ஸ்கேன் எடுங்கள். பிரிட்டனில் தெற்காசியக் கலைகளுக்கென்றே ஓர் ஆவணக் காப்பகம் இருக்கிறது. தாராவின் பழைய போஸ்டர்களும் நாடகப் பிரதிகளும் அதில் சேர்ந்ததால்தான் இந்தக் கதையை இன்றைக்கும் தேடிப் படிக்க முடிகிறது. மானிய விண்ணப்பத்தில் உங்கள் வரலாற்றைக் கேட்கும் பக்கம் ஒன்று வரும். அதை நிரப்ப உட்காரும்போது அந்தப் பெட்டி உங்கள் கையருகே இருக்க வேண்டும்.